அரை சென்டிமீட்டர்

உலக வரைபடம் மாட்டிய சுவர் ஒன்று கண்ணில் பட்டால் போதும், என் வாய் சும்மா இருக்காது. "இதில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் கிட்டத்தட்ட ஒரே அளவில் தெரிகிறதா? உண்மையில் ஆப்பிரிக்கா 14 மடங்கு பெரியது" என்று ஆரம்பிப்பேன். ஒரு பக்கம் 3 கோடி சதுர கிலோமீட்டர், இன்னொரு பக்கம் 22 லட்சம்கூட இல்லை. எண்களைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் மாறும்; அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். அப்புறம் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "450 வருஷமா இந்த மெர்கேட்டர் படத்தை வச்சு நம்மை ஏமாத்திட்டு இருக்காங்க" என்பேன். யார் ஏமாற்றுகிறார்கள், ஏமாற்றி அவர்களுக்கு என்ன கிடைத்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் திணறியிருப்பேன். பல வருடம் இந்தப் பேச்சை வைத்துக்கொண்டு அறிவாளியாக உலா வந்தவனை ஒரு பழைய பந்தும் ஒரு முழ நூலும் உட்கார வைத்துவிட்டன.

பந்து அக்கா மகனுடையது. பள்ளியில் பூமி உருண்டை செய்துகொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். பெயின்ட் அடித்துக் கொடுத்துவிடலாம் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். எனக்கு அது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. "அச்சடிச்சு ஒட்டலாம்டா, அசல் குளோப் மாதிரியே இருக்கும்" என்று வீரம் பேசிவிட்டேன். நூலைச் சுற்றி அளந்தோம். பந்தின் சுற்றளவு 60 சென்டிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே. கணக்குக்குத் தோதான எண். நிலநடுக்கோட்டின் நீளம் 60, துருவத்திலிருந்து துருவத்துக்கு 30. அப்படியானால் 60-க்கு 30 அளவில் ஓர் உலக வரைபடத்தை அச்சடித்துச் சுற்றினால் தீர்ந்தது வேலை என்றான் பையன். தீராது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவனாகவே பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நடுவில் அழகாகத்தான் சுற்றியது. இருபது டிகிரி, முப்பது டிகிரி வரை கையால் நீவி நீவிச் சமாளித்தான். அதற்கு மேல் காகிதம் திமிறியது. மேல் விளிம்பின் 60 சென்டிமீட்டரும் ஒரே ஒரு புள்ளிக்குள் போய் அடங்க வேண்டும். எங்கே அடங்கும்? விசிறி மடிப்பு மாதிரி மடிந்து மடிந்து, வட துருவத்தில் காகிதக் கொண்டை ஒன்று நின்றது. "மாமா, இவ்ளோ மிச்சமா இருக்கே. மிச்சத்தையெல்லாம் வெட்டிட்டா?" என்றான்.

நல்ல யோசனை. 500 வருடத்துக்கு முன்பே வந்த யோசனையும்கூட. 1507-ல் மார்ட்டின் வால்ட்சேமுல்லர் சிறிய பூமி உருண்டை ஒன்றுக்காக அச்சடித்த தாளில், இரண்டு பக்கமும் கூர்ந்து நடுவில் பருத்த 12 கீற்றுகள் இருக்கின்றன. அமெரிக்கா என்ற பெயர் முதன்முதலில் அச்சான இடங்களில் அந்தத் தாளும் ஒன்று. நாங்களும் 12 கீற்று என்று முடிவு செய்தோம். ஒவ்வொன்றும் 30 சென்டிமீட்டர் நீளம், நடுவில் 5 சென்டிமீட்டர் அகலம். 60 டிகிரி அட்சரேகையில் அகலம் சரிபாதி, இரண்டரை. துருவத்தில் பூஜ்யம். கத்தரிக்கோலும் பொறுமையும் இருந்தால் ஒரு மாலையில் முடிகிற வேலை.

முதல் கீற்றை ஒட்டும்போதே ஏதோ சரியில்லை. நடுக்கோட்டைப் பந்தில் நேராகப் படிய வைத்தால் இரண்டு விளிம்புகளும் லேசாக அலையடித்தன. விளிம்பை அழுத்தினால் அலை நகர்ந்து வேறு இடத்தில் எழுந்தது. நான் கோணல்மாணலாக வெட்டிவிட்டேன் என்று பையன் சொன்னான். இரண்டாவது கீற்றை அவனே வெட்டினான். அதிலும் அதே அலை.

அப்போதுதான் நூலை எடுத்துக் கீற்றின் விளிம்பை அளந்தேன். நடுக்கோடு 30 சென்டிமீட்டர். வளைந்து போகிற விளிம்பு 30.5. அளவு தவறோ என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கணக்கும் 30.5 என்றே சொன்னது. தாளில் வளைந்த கோடு நேர்க்கோட்டைவிட நீளமாகத்தானே இருக்கும், அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் பந்துக்கு நடுக்கோடு, விளிம்பு என்ற பேதம் தெரியாது. பந்தின் மேல் இரண்டுமே துருவத்திலிருந்து துருவத்துக்குப் போகும் தீர்க்கரேகைகள். இரண்டுமே 30 இருக்க வேண்டும். தாளிடம் ஒரு விளிம்புக்கு அரை சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கிறது, அதை வைத்துக்கொள்ளப் பந்தில் இடம் இல்லை.

சரி, கீற்றை இன்னும் ஒல்லியாக்கினால்? 24 கீற்று போட்டால் மிச்சம் 1.3 மில்லிமீட்டர். 48 போட்டால் 0.3. இரட்டிக்க இரட்டிக்க நாலில் ஒரு பங்காகக் குறைகிறதே தவிர, பூஜ்யம் ஆவதில்லை. 48-க்கு மேல் போனால் காகிதத்தின் தடிமனே அதை விழுங்கிவிடும், கண்ணுக்குத் தெரியாது. கணக்குக்குத் தெரியும். நானும் பையனும் ஆளுக்கொரு கீற்றைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். "அப்போ இந்த அரை சென்டிமீட்டரை எங்க வைக்கறது மாமா?" என்றான். அவன் பசையைப் பற்றித்தான் கேட்டான். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

கிழிப்பது வேறு, இழுப்பது வேறு

உருண்டையைத் தட்டையாக்க முடியாது என்பதை நான் எப்போதும் ஒரே விஷயமாகத்தான் நினைத்திருந்தேன். உண்மையில் அதற்குள் இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் இருக்கின்றன. ஒன்று, பந்துக்கு ஓரம் கிடையாது, தாளுக்கு உண்டு. எங்காவது ஓர் இடத்தில் கிழித்தாலொழிய பந்தை விரிக்க முடியாது. கத்தரிக்கோல் இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடுகிறது. இரண்டாவது சிக்கலைக் கத்தரிக்கோல் தொடவே முடியாது. பந்தின் எவ்வளவு சிறிய துண்டை எடுத்தாலும், கிழிக்கத் தேவையே இல்லாத துண்டாக இருந்தாலும், இழுக்காமலோ சுருக்காமலோ அது தட்டையாகாது.

இதை மறுநாள் காலை பந்தின் மேலேயே செய்து பார்த்தோம். 5 சென்டிமீட்டர் நூலின் ஒரு முனையைப் பந்தில் அழுத்திப் பிடித்து, மறுமுனையில் பேனாவைக் கட்டி ஒரு வட்டம் வரைந்தோம். அதே நூலால் தாளிலும் ஒரு வட்டம். ஆரம் இரண்டுக்கும் ஒன்றுதான். தாளில் உள்ள வட்டத்தின் சுற்றளவு 31.4 சென்டிமீட்டர், பள்ளிக்கூடக் கணக்கு. பந்தில் உள்ளது 30. பந்தின் மேல் வாழும் எறும்பு ஒன்று, வெளியே எட்டிப் பார்க்காமல், வானத்தையும் பார்க்காமல், நூலும் பேனாவும் மட்டும் வைத்துக்கொண்டு தன் உலகம் தட்டை இல்லை என்று கண்டுபிடித்துவிடலாம். ஒரு முனையைத் துருவத்தில் பிடித்து நூலின் நீளத்தை 15 ஆக்கினால் அது நிலநடுக்கோட்டையே தொட்டுவிடும். தாளில் 94 வர வேண்டிய இடத்தில் பந்தில் 60 தான். எங்கள் காகிதக் கொண்டை எங்கிருந்து வந்தது என்பது இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

ஜெர்மானியக் கணித மேதை கார்ல் ஃப்ரீட்ரிக் காஸ் 1827-ல் நிரூபித்தது இதைத்தான். ஒரு பரப்பு எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதைப் பரப்பின் மேலேயே நடந்து, நீளங்களை மட்டும் அளந்து சொல்லிவிடலாம். இழுக்காமல் சுருக்காமல் எப்படி மடித்தாலும் சுருட்டினாலும் அந்த எண் மாறாது. தாளுக்கு அது பூஜ்யம். தாளைச் சுருட்டி உருளை ஆக்கினாலும் பூஜ்யம், கூம்பு ஆக்கினாலும் பூஜ்யம். ஆரம் R உள்ள உருண்டைக்கு, R-இன் வர்க்கத்தால் ஒன்றை வகுத்தால் வரும் எண். பூஜ்யம் பூஜ்யமல்லாததாக மாறாது, அவ்வளவுதான். தன் தேற்றத்துக்கு அவரே வைத்த லத்தீன் பெயருக்குச் 'சிறப்புமிக்க தேற்றம்' என்று பொருள். அடக்கமான மனிதர்கள் இப்படிப் பெயர் வைக்க மாட்டார்கள். ஆனால் இந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குறையற்ற வரைபடம் சாத்தியமில்லை என்பதை மட்டும் என்றால், இன்னொரு கணித மேதை ஆய்லர் 1775-லேயே வேறு வழியில் காட்டிவிட்டார். அது ஏன் சாத்தியமில்லை என்பதற்கு ஓர் எண்ணைக் கையில் கொடுத்தவர் காஸ்.

இதில் எனக்குப் பிடித்தது, காஸ் வெறும் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தவர் இல்லை என்பது. 1820-களில் ஹனோவர் நாட்டை நில அளவை செய்யும் பொறுப்பு அவரிடம் இருந்தது. ஹோகர் ஹாகன், ப்ரோக்கன், இன்செல்ஸ்பெர்க் என்ற மூன்று மலையுச்சிகளை இணைக்கும் முக்கோணத்தை அளந்தார்; அதன் நீளமான பக்கம் நூறு கிலோமீட்டருக்கு மேல். பூமி உருண்டை என்பதால் அந்த முக்கோணத்தின் கோணங்களின் கூட்டுத்தொகை 180 டிகிரியைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். எவ்வளவு கூடுதல்? கிட்டத்தட்ட 15 விநாடி, அதாவது ஒரு டிகிரியை 240 பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. துருவத்திலிருந்து இரண்டு தீர்க்கரேகைகளை 90 டிகிரி இடைவெளியில் நிலநடுக்கோடு வரை இறக்கினால் மூன்று கோணமும் செங்கோணமாக, மொத்தம் 270 டிகிரி வரும் என்பது நாம் எல்லோரும் படித்த உதாரணம். அது பந்தில். சேற்றிலும் மூடுபனியிலும் கருவியைத் தூக்கிக்கொண்டு அலைகிறவருக்குக் கிடைப்பது இந்த 15 விநாடிதான். என் அரை சென்டிமீட்டரின் சொந்தக்காரர்தான் இவரும் என்று தோன்றியது.

60 டிகிரியில் ஒரு கட்டம்

உருண்டையைத் தாளில் இறக்கும் முறைக்குப் பாடநூல்கள் கோட்டுச்சட்டம் என்பது மாதிரி ஏதாவது ஒரு பெயர் வைத்திருக்கும். பேச்சில் ப்ரொஜெக்‌ஷன் என்றுதான் வருகிறது. நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. முன்பெல்லாம் அந்தப் பட்டியலைப் பார்த்தாலே எனக்குக் கொட்டாவி வரும். பையனின் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபோது பட்டியல் உயிர் பெற்றது. ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்விதான்: அந்த அரை சென்டிமீட்டரை நீ எங்கே வைத்தாய்?

ஒரு கட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒரு டிகிரி அகலம், ஒரு டிகிரி உயரம். நிலநடுக்கோட்டருகே இந்தக் கட்டம் 111 கிலோமீட்டருக்கு 111, சதுரம். 60 டிகிரி அட்சரேகையில் உயரம் அதே 111, ஆனால் தீர்க்கரேகைகள் நெருங்கி வந்துவிடுவதால் அகலம் பாதி, 55 சொச்சம். இப்போது தீர்க்கரேகைகளையெல்லாம் செங்குத்தான இணைகோடுகளாகத் தாளில் வரைகிறோம். வரைந்த உடனேயே, நாம் கேட்டாலும் கேட்காவிட்டாலும், 60 டிகிரியில் உள்ள கட்டம் பக்கவாட்டில் இரண்டு மடங்கு இழுபட்டுவிடுகிறது. இதுவரை எல்லாருக்கும் ஒரே கதை. பிரிவது அடுத்த அடியில்: அதன் உயரத்தை என்ன செய்வது?

ஒன்றும் செய்யாமல் விடலாம். நாங்கள் முதலில் அச்சடித்த 60-க்கு 30 படம் அதுதான். அல்லது உயரத்தைப் பாதியாக அமுக்கலாம். அகலம் இரண்டு மடங்கு, உயரம் பாதி; பரப்பு மாறவில்லை. எல்லா அட்சரேகைக்கும் அந்தந்த அளவில் இப்படி அமுக்கிக்கொண்டே போனால் எந்த நாட்டின் பரப்பும் இன்னொன்றோடு ஒப்பிடும்போது பிசகாது. இதன் வேர் ஆர்க்கிமிடீஸிடம் இருக்கிறது. உருண்டையைக் கச்சிதமாகச் சுற்றி நிற்கும் உருளை ஒன்றை வைத்து, உருண்டையின் ஒவ்வொரு புள்ளியையும் பக்கவாட்டில் நேராக உருளைக்குத் தள்ளினால் பரப்பு அப்படியே இருக்கும். பக்கவாட்டில் இழுபடுவதும், சாய்வால் உயரத்தில் சுருங்குவதும் ஒன்றையொன்று மிகச் சரியாக ஈடுகட்டிவிடுகின்றன. அந்த உருண்டை-உருளைக் கணக்கின்மேல் அவருக்கு எவ்வளவு பெருமை என்றால், அந்த உருவமே அவர் கல்லறையில் செதுக்கப்பட்டது. முட்புதருக்குள் மறைந்து கிடந்த அந்தக் கல்லறையைக் கி.மு. 75-ல் ரோமானியப் பேச்சாளர் சிசரோ தேடிக் கண்டுபிடித்தார். கணக்கை வரைபடமாக்கியவர் ஜோஹன் ஹெய்ன்ரிச் லாம்பர்ட். அதற்கு 1772 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மூன்றாவது வழி, அகலம் இரண்டு மடங்கு ஆகிவிட்டதா, சரி, உயரத்தையும் இரண்டு மடங்கு ஆக்கிவிடு. பரப்பு நாலு மடங்காகிவிடும். 80 டிகிரியில் முப்பது மடங்கையும் தாண்டிவிடும். போகட்டும். அதற்குப் பதிலாகக் கட்டத்தின் வடிவம் பிழைத்துவிடுகிறது. ஒல்லியாகவும் ஆகவில்லை, குட்டையாகவும் ஆகவில்லை, அதன் மூலைகளில் உள்ள கோணங்கள் மாறவில்லை. இதுதான் நான் இத்தனை வருடம் திட்டிக்கொண்டிருந்த மெர்கேட்டர்.

கட்டத்தை இப்படி வைத்துப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. மெர்கேட்டரின் படத்தில் கிரீன்லாந்து பெரிதாகத் தெரிவது, யாரோ உட்கார்ந்து அதை ஊதிப் பெருக்கியதால் அல்ல. கோணத்தைக் காப்பாற்றியதற்குக் கொடுத்த விலை அது. கோணமும் காக்கப்பட வேண்டும், பரப்பும் காக்கப்பட வேண்டும் என்றால் நீளங்களும் தானாகவே காக்கப்பட்டுவிடும். அப்படி நடந்தால் என் கீற்றின் விளிம்பு 30 ஆக இருந்திருக்கும். காஸ் அதை அனுமதிக்க மாட்டார்.

கோணத்தை ஏன் காப்பாற்ற வேண்டும்? கெரார்டஸ் மெர்கேட்டர் 1569-ல் 18 தாள்களில் அச்சடித்த அந்தப் படத்தின் தலைப்பிலேயே, கடலோடிகளின் பயன்பாட்டுக்கு என்று இருக்கிறது. நடுக்கடலில் இருப்பவனிடம் திசைகாட்டி உண்டு. வடக்கிலிருந்து இத்தனை டிகிரி என்று ஒரு கோணத்தைப் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டே இருப்பதுதான் அவனால் ஆகக்கூடியது. அப்படிப் போகும் பாதை எல்லாத் தீர்க்கரேகைகளையும் ஒரே கோணத்தில் வெட்டும். உருண்டையின் மேல் அது துருவத்தை நோக்கிச் சுருண்டு சுருண்டு போகும் சுழல். போர்ச்சுகீசியக் கணிதவியலாளர் பெத்ரோ நூனெஸ் 1537-லேயே அதைப் பற்றி எழுதிவிட்டார். துருவத்தை முடிவில்லாத தடவை சுற்றும் அந்தச் சுழலின் மொத்த நீளம் முடிவுள்ளது என்பது தனி வேடிக்கை. 45 டிகிரிச் சுழலில் துருவத்திலிருந்து துருவத்துக்கு 28,000 கிலோமீட்டர் சொச்சம்தான். அந்தச் சுழலைத் தாளில் நேர்க்கோடாக்கிக் கொடுத்தார் மெர்கேட்டர். அளவுகோலை வைத்துக் கோடு கிழி, கோணத்தைப் படி, சுக்கானைப் பிடி.

அவரிடம் சூத்திரம் இல்லை. அட்சரேகைக் கோடுகளின் இடைவெளியை எவ்வளவு கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பதற்கு 1599-ல் எட்வர்ட் ரைட் அட்டவணை வெளியிட்டார்: சிறு சிறு படிகளாக இழுவையின் அளவைக் கணக்கிட்டு, ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போன எண்கள். இன்றைக்கு அதைத் தொகையீடு என்போம். தொகை நுண்கணிதமோ இன்னும் பிறக்கவில்லை. மடக்கை (லாகரிதம்) அட்டவணைகூட 1614-ல்தான் வந்தது. வந்து சில பத்தாண்டுகள் கழித்து ஹென்றி பாண்ட் என்பவர், ரைட்டின் எண்களும் டேஞ்சன்ட்டின் மடக்கைகளும் ஒத்துப்போவதைக் கவனித்தார். எதனால் என்று அவருக்கும் தெரியவில்லை. ஜேம்ஸ் கிரிகரி 1668-ல் நிரூபிக்கும்வரை, ஒரு முழு நூற்றாண்டு, கப்பல்கள் இந்தப் படத்தின்மேல் சூத்திரம் தெரியாமலேயே ஓடிக்கொண்டிருந்தன. இதையெல்லாம் சதி என்று சொல்லித் திரிந்தவன் நான்.

சுவரும் கைபேசியும்

கைபேசியில் இருக்கும் வரைபடமும் மெர்கேட்டர்தான் என்று தெரிந்தபோது முன்பு எனக்குக் கோபம் வந்தது உண்டு. இந்தக் காலத்திலுமா என்று. கூகுள் மேப்ஸ் 2005-ல் வந்த புதிதில் வேறு முறையைத்தான் பயன்படுத்தியது. அதில் வடக்கே உயர்ந்த அட்சரேகையில் உள்ள நகரங்களின் தெருக்கள், நேரில் செங்குத்தாக வெட்டிக்கொண்டாலும், திரையில் சாய்ந்து வெட்டிக்கொண்டன. மெர்கேட்டருக்கு மாறியதும் சரியாகிவிட்டது. தெருமுனையில் நின்று இடது பக்கமா வலது பக்கமா என்று பார்ப்பவனுக்கு கிரீன்லாந்தின் பரப்பு எதற்கு? அவனுக்கு வேண்டியது கோணம். ஒரு சின்ன இடத்தை எடுத்துப் பார்த்தால் மெர்கேட்டரில் வடிவம் பிசகுவதில்லை. அளவு மட்டும்தான் இடத்துக்கு இடம் மாறுகிறது. அதையும் அது ஒளிக்கவில்லை. திரையின் ஓரத்தில் இருக்கும் அளவுக்கோட்டைக் கவனித்துக்கொண்டே படத்தை வடக்கு நோக்கி நகர்த்திப் பாருங்கள், அதன் நீளமோ அதில் எழுதிய எண்ணோ மாறிக்கொண்டே வரும். நான் எத்தனையோ வருடம் அதை நகர்த்தியிருக்கிறேன், ஒரு தடவைகூட மூலையைப் பார்த்ததில்லை. அப்புறம் 85.05 டிகிரியில் படம் திடீரென்று முடிந்துவிடும். அங்கே வெட்டினால் உலகம் கச்சிதமான சதுரமாக வருகிறது என்பதுதான் காரணம். துருவம் வரை போக நினைத்தால் தாள் முடிவில்லாத உயரம் வேண்டும்.

அப்படியானால் என் பழைய பேச்சு முழுக்கத் தப்பா? இல்லை என்றுதான் இன்னும் நினைக்கிறேன். வகுப்பறைச் சுவரில் மாட்டும் உலகப் படத்தை வைத்து யாரும் கப்பல் ஓட்டுவதில்லை. எந்த நாடு எவ்வளவு பெரியது என்ற எண்ணம் குழந்தைகள் மனதில் பதிவதே அங்கேதான். அங்கே மெர்கேட்டரை மாட்டுவது, பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சமைக்கிற மாதிரி. பஞ்சாங்கத்தில் தவறில்லை. 1989-ல் அமெரிக்கப் புவியியல் அமைப்புகள் சில கூடி, பொதுப் பயனுக்குச் செவ்வக வடிவ உலகப் படங்களையே விட்டுவிடுங்கள் என்று தீர்மானம் போட்டன. அதில் மெர்கேட்டருக்கு எதிராகக் கொடி பிடித்த படமும் அடிபட்டுப் போனது என்பதுதான் எனக்கு உறைத்த இடம்.

அந்தப் படம் என் வீட்டுச் சுவரிலேயே இருக்கிறது. ஆர்னோ பீட்டர்ஸ் 1973-ல் செய்தியாளர்களைக் கூட்டி, நியாயமான வரைபடம் என்று அறிமுகம் செய்தது. ஜேம்ஸ் கால் என்பவர் 1855-லேயே அதே படத்தை முன்வைத்துவிட்டார் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். ஆர்க்கிமிடீஸ் வழியில் வந்த சம பரப்புப் படம் அது. 45 டிகிரியில் வடிவம் சரியாக வரும்படி அகலத்தையும் உயரத்தையும் மாற்றியிருப்பார்கள். அதன் விலை, நிலநடுக்கோட்டருகே எல்லாம் மேலும் கீழுமாக இரண்டு மடங்கு நீண்டுவிடும். அக்கா மகன் அதைப் பார்த்து, "ஏன் மாமா இந்த ஆப்பிரிக்கா மட்டும் இவ்ளோ ஒல்லியா தொங்குது?" என்று கேட்டான். ஆப்பிரிக்காவுக்கு நியாயம் செய்யவென்று நான் ஆவேசமாக வாங்கி மாட்டிய படம். அதில் வடிவம் பிசகாமல் இருப்பது 45 டிகிரியில், அதாவது ஐரோப்பாவின் குறுக்கே போகிற கோட்டில்.

அரை சென்டிமீட்டரை வேறு வேறு இடங்களில் வைத்த மற்றவர்களையும் அந்த வாரம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். உருண்டையின் மையத்தில் விளக்கை வைத்து நிழலைத் தாளில் விழவிட்டால் மிகக் குறுகிய பாதைகள் எல்லாம் நேர்க்கோடாகிவிடும். ஆனால் பாதி உலகம்கூடத் தாளில் முழுதாக வராது. குறுகிய பாதை என்பது எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ஒரு கணக்கு: 60 டிகிரி வடக்கில், உலகின் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு இடங்கள். மெர்கேட்டரின் நேர்க்கோட்டில், அட்சரேகையோடு போனால் 10,000 கிலோமீட்டர். துருவத்தின் மேலாகப் போனால் 6,670. விளக்கை மையத்திலிருந்து எடுத்து வட துருவத்திலேயே வைத்தால் வேறொரு படம் கிடைக்கும். அதில் பந்தில் உள்ள வட்டங்கள், விளக்கின் வழியாகப் போகாதவரை, தாளிலும் வட்டங்களாகவே விழும். கோணமும் பிசகாது. பழைய காலத்து விண்மீன் கருவிகளின் தகடுகளில் வானத்தை இப்படித்தான் இறக்கியிருக்கிறார்கள். விளக்கு இருக்கும் ஒரே ஒரு புள்ளி மட்டும் தாளில் எங்கேயும் விழாது. எனக்கு மிகவும் பிடித்த படம் இதுதான், எந்த உபயோகத்துக்காகவும் இல்லை. எதிலும் உறுதியாக நிற்காமல் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் பிசகவிடும் சமரசப் படங்களும் இருக்கின்றன. ஓஸ்வால்ட் விங்கெல் 1921-ல் செய்த ஒன்றை நேஷனல் ஜியாகிரஃபிக் 1998 முதல் பயன்படுத்துகிறது. சமரசம் என்ற சொல்லே முன்பு எனக்கு ஆகாது. இப்போது சுவரில் மாட்ட அதைத்தான் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பந்துக்குத் திரும்பி வருகிறேன். கையால் குளோப் செய்கிறவர்கள் கீற்றுகளைப் பசையில் நனைத்து, ஈரத்தில் காகிதம் இளகியதும் நடுப்பகுதியை விரலால் மெல்ல இழுத்து விடுவார்களாம். நடுக்கோடு 30-லிருந்து கொஞ்சம் நீளும், விளிம்போடு சமாதானமாகும். நாங்களும் நனைத்தோம். முதல் கீற்று கிழிந்தது. இரண்டாவது மூன்றாவதில் கை பழகியது. எட்டாவது கீற்று ஒட்டும்போது பையன் என்னைப் பக்கத்தில் விடவில்லை. ஆனாலும் கடைசிக் கீற்றில் எல்லாருடைய மிச்சமும் சேர்ந்து வந்து நின்றது. ஒரு விளிம்பு அடுத்ததன்மேல் ஏறாமல் ஒட்ட வழியில்லை. எங்கே ஏற்றலாம் என்று பந்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "பசிபிக்ல ஏத்திடலாம் மாமா, அங்க யாரும் இல்ல" என்றான். ஜான் பால் குட் 1923-ல் கடல்களின் நடுவே கிழித்து விரித்த உலகப் படம் ஞாபகத்துக்கு வந்தது; அவரும் இப்படித்தான் யோசித்திருக்க வேண்டும். கீற்றுகளின் ஓரங்களில் ஒன்று 180-வது தீர்க்கரேகையில் விழுந்தது. அங்கேயே ஏற்றி ஒட்டினோம்.

பசை காய்ந்த பிறகு அவன் உருண்டையைச் சுற்றி எல்லா நாடுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தான். பசிபிக்கில் வந்து நின்றான். "ஃபிஜியக் காணோம்" என்றான். ஃபிஜி சரியாக 180-ன் இரண்டு பக்கமும் கிடக்கிறது. எங்கள் மடிப்புக்கு அடியில் போய்விட்டது. உரித்து மறுபடி ஒட்டலாம் என்றால் காகிதம் தாங்காது. கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவன், பச்சைப் பேனாவை எடுத்து வந்து மடிப்பின் மேலேயே இரண்டு தீவு வரைந்தான். பெயர் எழுத இடம் வேண்டுமே என்று அவற்றை நன்றாகப் பெரிதாகவே வரைந்தான்.